அந்தி வானம் ஏன் சிவக்கிறது? கேள்விகளும் பதில்களும்

காலையிலும் மாலையிலும் வானம் நிறம் மாறுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மதியம் நீலம், மாலையில் சிவப்பு. அதே சூரியன், அதே காற்று. அப்புறம் எப்படி நிறம் மாறுகிறது?

மாறுவது வெளிச்சம் காற்றுக்குள் கடந்து வரும் தூரம். சூரிய வெளிச்சத்தில் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறமும் உண்டு. காற்றில் இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் இல்லை. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கிடுகிடுவென ஏறும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு 1871-ல் இதற்குக் கணக்கு எழுதினார். அதனால்தான் இதை ரேலி சிதறல் என்கிறோம். பகலில் எந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்கு வருவது இப்படிச் சிதறிய நீலம்.

சூரியன் அடிவானத்துக்கு இறங்கினால் வெளிச்சம் காற்றைக் குறுக்குவாட்டில் கடக்கவேண்டும். உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறக்குறைய 38 மடங்கு காற்று. அதற்குள் நீலம் வழியிலேயே சிதறிப் போய்விடும்; பச்சையிலும் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆக, மாலையில் சிவப்பு புதிதாக வந்து சேர்வதில்லை, கழித்தது போக நிற்பது அது. நமக்குக் கிடைக்காமல் போன நீலமும் வீணாவதில்லை. மேற்கே இன்னும் பகல் மிச்சமிருக்கும் இடங்களில் அதுதான் நீல வானம்.

கேள்வி: நீலம் வழியிலேயே போய்விடுகிறது என்கிறீர்கள். ஆனால் சூரியன் மறைந்த பிறகு தலைக்கு மேலே வானம் முன்பைவிட அடர்த்தியான நீலமாக இருக்கிறதே?

மடக்கிவிட்டீர்கள், சரியான இடத்தில். சிதறலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நேரத்தில் உச்சி வானம் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கவேண்டும். அங்கே வேலை செய்வது ஓசோன்.

ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது மஞ்சள், ஆரஞ்சு வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும். பகலில் வெளிச்சம் ஓசோன் அடுக்கைச் சட்டென்று கடந்துவிடுவதால் அது கணக்கிலேயே வராது. அந்தியில் அதே அடுக்குக்குள் படுக்கைவசமாக நெடுந்தூரம் பயணம் செய்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் குறையக் குறைய, உச்சியில் நீலம் தூக்கலாகத் தெரிகிறது. 1953-ல் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ரேலியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஒரு குறை.

கேள்வி: ஊதாவின் அலைநீளம் நீலத்தைவிடக் குறைவு. அப்படியானால் பகல் வானம் ஊதாவாக அல்லவா இருக்கவேண்டும்?

சூரிய வெளிச்சத்தில் ஊதா நீலத்தைவிடக் குறைவு. நம் கண்ணும் ஊதாவை அவ்வளவு நன்றாக உணராது. சிதறி வருவது ஒற்றை நிறமும் இல்லை, எல்லாம் கலந்த கலவை. அந்தக் கலவையைக் கண் வெளிர் நீலம் என்று படிக்கிறது.

கேள்வி: கீழே மஞ்சள், மேலே நீலம். நடுவில் பச்சை ஏன் வருவதில்லை?

வானவில்லில் நிறங்கள் பிரிந்து நிற்கும். அந்தி வானத்தில் அப்படி எதுவும் பிரிவதில்லை, கலவையின் விகிதம்தான் மாறிக்கொண்டே போகிறது. மஞ்சளும் நீலமும் சந்திக்கும் இடம் அதனால் வெளுத்துப் போய்விடும். காற்று மிகத் தெளிவாக இருக்கும் நாளில் அங்கே இலேசான பச்சைச் சாயல் தெரியும். கூர்ந்து பார்த்தால் பிடிபடும்.

கேள்வி: சூரியன் மறையும்போது சுமாராக இருந்த வானம், பத்து நிமிடம் கழித்துப் பற்றி எரிவதுபோல் ஆகிறது. சில நாள் ஒன்றுமே நடப்பதில்லை. முன்கூட்டியே சொல்லமுடியுமா?

ஓரளவு சொல்லலாம். சூரியன் மறைந்தது தரையில் நிற்கும் நமக்குத்தான். எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கீற்று மேகத்துக்கு அது இன்னும் மறையவில்லை. அந்த நேரத்தில் வெளிச்சம் தரையை உரசினாற்போல் அடர்ந்த காற்றில் நெடுந்தூரம் வந்து, நன்றாகச் சிவந்து, மேகத்தின் அடிப்பக்கத்தில் விழுகிறது.

மேகத் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரி சிதறடிப்பவை. மேகம் பகலில் வெள்ளையாக இருப்பது அதனால்தான். தன் பங்குக்கு நிறம் எதுவும் சேர்க்காமல், வந்ததை வந்தபடி காட்டும் திரை அது. ஆகவே இரண்டு விஷயம் பாருங்கள். உயரத்தில் மேகம் அங்கங்கே விட்டுவிட்டு இருக்கவேண்டும். மேற்கு அடிவானம் திறந்திருக்கவேண்டும். மேற்கில் கனத்த மேகம் சுவராக நின்றால் வீட்டுக்குப் போய்விடலாம். திறந்திருந்தால், சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தாழ்ந்த மேகங்கள் முதலில் சாம்பல் நிறமாகும், உயர்ந்தவை கடைசியாகத்தான் அணையும்.

கேள்வி: புகையும் தூசியும் அதிகமானால் அந்தி அழகாக இருக்கும் என்கிறார்களே?

பெரும்பாலும் தவறு. தரையை ஒட்டி மிதக்கும் தூசி காற்று மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் கலந்துகட்டிச் சிதறடித்து வானத்தை மங்கலாக்கிவிடும். சூரியன் மட்டும் செந்நிற வட்டமாகத் தொங்கும், அதுவும் சில நாள் அடிவானத்தைத் தொடும் முன்பே காணாமல் போகும். நல்ல மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாள் மாலையைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு விதிவிலக்கு எரிமலை. பெரிய வெடிப்பில் கந்தக வாயு அடுக்கு மண்டலம் வரை போய் நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, மாதக்கணக்கில் உலகைச் சுற்றும். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா வெடித்தது. அந்த நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஹேவன், பகீப்சி நகரங்களில் மேற்கு வானத்தைப் பார்த்தவர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று தீயணைப்பு வண்டியை அழைத்திருக்கிறார்கள். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்த பிறகும் இப்படிச் சிவந்த அந்திகள் தொடர்ந்தன.

கேள்வி: சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் உண்டா?

அடிப்படையில் இல்லை. காலைக் காற்றில் தூசி பொதுவாகக் குறைவு. இரவு முழுக்க இருட்டில் பழகிய கண்ணுக்கு விடியலின் மெல்லிய நிறமும் தெரியும். அவ்வளவுதான்.

கேள்வி: மாலையில் கிழக்கே ரோஜா நிறப் பட்டையும் அதற்குக் கீழே கருநீலப் பட்டையும் பார்த்தேன். மேகம் இல்லை. என்ன அது?

கீழே இருந்தது பூமியின் நிழல், வளிமண்டலத்தின் மேல் விழுந்தது. மேலே இருந்த ரோஜா நிறத்துக்கு வீனஸ் பெல்ட் என்று பெயர். சிவந்த வெளிச்சம் கிழக்கு வானத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. சூரியன் இறங்க இறங்க நிழல் மேலேறி, சிறிது நேரத்தில் இரவோடு கலந்துவிடும். எல்லோரும் மேற்கையே படம் எடுத்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள், பாராட்டுகள்.

கேள்வி: செவ்வாயிலும் அந்தி சிவப்பா?

நீலம்! அங்கே காற்று மிக மெல்லியது, வேலை முழுக்க நுண்தூசியுடையது. அந்தத் தூசி நீல வெளிச்சத்தை முன்னோக்கி அனுப்புவதால் மறையும் சூரியனைச் சுற்றி நீலம் படர்கிறது. 2015-ல் கியூரியாசிட்டி ஊர்தி இதை வண்ணப் படமாகவே எடுத்து அனுப்பியது.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பறையில் செய்து காட்ட ஏதாவது வழி?

நேரான கண்ணாடி டம்ளரில் தண்ணீர், சில சொட்டுப் பால், ஒரு டார்ச். அறையை இருட்டாக்கி ஒரு பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீரில் மெல்லிய நீலம் ஓடும். எதிர்ப்பக்கம் போய்த் தண்ணீர் வழியே டார்ச்சைப் பார்த்தால் மஞ்சள். இன்னும் ஓரிரு சொட்டு விட்டால் ஆரஞ்சு. பாலைத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள், வெறும் வெள்ளைதான் மிஞ்சும். டம்ளரைவிட நீளமான கண்ணாடித் தொட்டி கிடைத்தால் ஆரஞ்சு இன்னும் நன்றாக எடுபடும்.

கேள்வி: கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு செல்போன் படத்தில் வெளுத்துப் போகிறது. ஏன்?

ஆட்டோ வைட் பேலன்ஸ். படத்தில் ஆரஞ்சு தூக்கலாக இருப்பதைத் தவறு என்று நினைத்து போன் திருத்திவிடுகிறது. புரோ மோடில் அதை டேலைட்டுக்கு மாற்றுங்கள். எக்ஸ்போஷரையும் ஒரு படி குறையுங்கள்.