ரூவானில் பழைய வீடு: சிமென்ட் பூச்சை உரிக்கலாமா?

கேள்வி: பிரான்ஸில், ரூவான் நகரின் பழைய பகுதியில் ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முகப்பு முழுக்க சிமென்ட் பூச்சு, உள்ளே மரச்சட்டம் இருக்கிறதாம். உரித்துவிட்டு, பக்கத்து வீடுகளைப் போல மரம் தெரியும்படி விடலாமா? கீழ்த்தளச் சுவரில் ஓதம் வேறு.

பதில்: சிமென்ட்டை எடுத்தே ஆகவேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எடுத்த பிறகு மரத்தை அப்படியே விடுவதா, சுண்ணாம்பு பூசி மூடுவதா என்பதை மட்டும் இப்போதே முடிவுசெய்யாதீர்கள்.

ரூவானில் மாடியைத் தெருவுக்கு மேல் நீட்டிக் கட்டுவதற்கு 1520-இல் தடை வந்தது, அதனால் உங்கள் வீடு அதற்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனாலும் தோற்றத்தை வைத்து வயது சொல்லிவிட முடியாது. பாரிஸில் வோல்டா தெரு 3-ஆம் எண் வீட்டை நகரத்திலேயே மிகப் பழையது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் அது 17-ஆம் நூற்றாண்டு வீடு என்று தெரிந்தது. அதே பாரிஸில் 1667-இல், தீக்குப் பயந்து, மரமுகப்புகளைப் பூசி மூடச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பிரான்சுவா மிரோன் தெருவின் 11, 13 எண் வீடுகளில் மரம் மறுபடி வெளியே தெரிந்தது 1960களில்தான்.

உங்கள் வீட்டின் கதையை மரமே சொல்லும். அனுமதி வாங்கி ஒரு மூலையில் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். இழைத்த விளிம்பும் செதுக்கு வேலையும் இருந்தால் அது கண்ணில் படுவதற்காகவே செய்த மரம். அதன்மேல் வரிசையாகக் கோடரியால் கொத்திய தழும்புகள் தெரிந்தால், பிற்காலத்தில் பூச்சு பிடிப்பதற்காகக் கொத்தியிருக்கிறார்கள். கோணல்மாணலாக, இழைக்காமல், வேறு கட்டடத்திலிருந்து எடுத்துப் போட்டதுபோலப் பழைய துளைகளோடு இருக்கிறதா? அப்படியானால் அது ஆரம்பத்திலிருந்தே பூச்சுக்குள் இருந்த மரமாக இருக்கலாம், தயவுசெய்து மழையில் நிறுத்தாதீர்கள். மூட்டுகளில் ரோமன் எண்கள் போன்ற வெட்டுக் குறிகள் இருக்கும், எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று தச்சர்கள் போட்டுவைத்தவை. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள், அந்தக் குறிகள் போனால் போனதுதான்.

அப்புறம் ஓதம். ஓக் சட்டங்களுக்கு நடுவே இருப்பது களிமண்ணும் வைக்கோலும் கலந்த அடைப்பு. அது ஈரத்தை வாங்கும், தானே வெளியேவும் விடும். சிமென்ட்டோ மயிரிழை விரிசல் வழியாக மழைநீரை உள்ளே விட்டுவிட்டு, திரும்ப வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும், முதலில் அழுகுவது அடிச்சட்டம். ஸ்க்ரூடிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள், நல்ல ஓக்கில் முனை இறங்கவே இறங்காது. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி, புது ஓக் துண்டை இணைக்கத் தெரிந்த தச்சரைத் தேடுங்கள். ஓதத்தைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயனம் ஊசிபோல ஏற்றலாம் என்பவர்களுக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்கவேண்டாம், சிமென்ட் போய்ச் சுவர் சில மாதம் காயட்டும்.

பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்களின் சுற்றுவட்டாரத்தில், பொதுவாக 500 மீட்டருக்குள், முகப்பைத் தொட அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். ரூவானின் பழைய பகுதியில் அது தவிர்க்க முடியாதது, நகராட்சியில் முதலில் கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு உறைபனி ஆகாது, ஆகவே வேலை குளிர்காலத்தில் போய் விழாதபடி விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.