ஷிட்ஸுவும் சித்திரை வெயிலும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் ஷிட்ஸு நாய்க்குப் பத்து மாதம். தினமும் பிரஷ் போட்டும் காதுக்குப் பின்னால் சிக்கு விழுகிறது. வெயிலும் ஏறுகிறது, மொட்டை அடித்துவிடலாமா? - வாசகி, பாலக்கோடு

பதில்: மொட்டை வேண்டாம். தோல் வெந்துபோகும். நாய்க்கு முடி வெட்டும் கடையில் கத்தரிக்கச் சொல்லும்போது உடம்பில் 2 முதல் 3 செ.மீ. விடச் சொல்லுங்கள், வயிற்றுப் பக்கம் மட்டும் ஒட்ட வெட்டலாம்.

சிக்குக்குக் காரணம் வயது. 8 முதல் 12 மாதத்துக்குள் குட்டி முடி போய் வளர்ந்த நாயின் முடி வரும். உதிர்கிற முடி கீழே விழாமல் புது முடியிலேயே சுற்றிக்கொள்ளும். பிரஷ் மேலாகப் போனால் மேலே பளபளப்பாகவும், அடியில் தோலை ஒட்டிக் கம்பளி மாதிரியும் இருக்கும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) உராயும் இடம், இந்த நான்கையும் விரலால் தடவிப் பாருங்கள்.

காய்ந்த முடியை வாரினால் அறுந்துபோகும். தண்ணீரில் கொஞ்சம் நாய் கண்டிஷனர் கலந்து லேசாகத் தெளியுங்கள். சிக்கின் அடியை, தோல் இழுபடாதபடி, இரு விரலால் இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே வேர்வரை போங்கள். கடைசியில் இரும்புச் சீப்பு தடையில்லாமல் தோல்வரை இறங்க வேண்டும். கத்தரிக்கோலை உள்ளே விடாதீர்கள். சிக்கோடு தோலும் மேலே எழும்பியிருக்கும், வெட்டுப்படும். சிக்கு எடுத்த பிறகுதான் குளியல். முதலில் குளிப்பாட்டினால் அது இறுகிவிடும், அப்புறம் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. குளிப்பாட்டியதும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: வீட்டில் களிதான். நாய்க்கும் ஓர் உருண்டை போடுகிறோம். எடை 6 கிலோ. சரியா? - வாசகர், பென்னாகரம்

பதில்: கேழ்வரகால் கெடுதல் இல்லை, அளவுதான் தப்பு. வீட்டுக்குள்ளேயே சுற்றும் 6 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 350 முதல் 400 கலோரி போதும். பெரியவர் சாப்பிடும் ஓர் உருண்டையிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும், புரதமும் போதாது. முக்கிய உணவு நாய்த் தீவனமாகவே இருக்கட்டும். களி ஆறியபின் எலுமிச்சை அளவு. குழம்பு தொடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளிறினாலோ சிறுநீர் பழுப்புச் சிவப்பாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மாந்தோப்புக் காவலுக்கு ஷிட்ஸு ஆகுமா? - வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆகாது. சீன அரண்மனையில் மடியில் வைத்துக் கொஞ்ச வளர்த்த இனம். புது ஆள் வந்தால் இரண்டு குரை குரைத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு போகும். தனியே விட்டால் அழும், பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கும். தோப்புக்கு நாட்டு நாய் போதும், காசும் மிச்சம்.

அதைவிட முக்கியம் வெயில். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சப்பை மூக்கில் அதற்கு வழி குறைவு. நடக்கக் கூட்டிப்போவது காலை 6.30-க்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. கழுத்துப் பட்டை வேண்டாம், ஹார்னஸ் போடுங்கள். இந்த இனத்துக்குக் கண்குழி ஆழமில்லை, கழுத்தை இறுக்கினால் கண் பிதுங்கக்கூடும். இரைப்பு நிற்காமல், எச்சில் பிசுபிசுத்து, நாக்கு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றி, காற்றாடியைப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத் துணியால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

தோப்புக்குக் கூட்டிப்போனால் இன்னொன்று: கொட்டை. சதை ஒட்டிய மாங்கொட்டையை முழுங்கினால் குடலில் அடைக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, மலம் போகாதது, தண்ணீர்கூடத் தங்காதது, இவை தெரிந்தால் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்காதீர்கள். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.