கார்த்திகைக் குளிருக்குத் தொட்டிச் செடிகளைப் பாலிதீன் போட்டு மூடலாமா?

காரைக்குடி வீட்டில் அக்லோனிமா, கலேதியா, ஆந்தூரியம், குரோட்டன்ஸ், அடினியம் எல்லாம் தொட்டியில் வைத்திருக்கிறீர்கள். இந்த வருஷம் கார்த்திகை பிறந்ததுமே குளிர் வந்துவிட்டது, இலைகள் மஞ்சளாகின்றன என்கிறீர்கள். ஒரு வீடியோவில் சொன்னபடி பாலிதீன் கவர் போட்டு மூடி, ராத்திரி பல்பு எரியவிடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. தை மாதம் நாலைந்து தொட்டிகளை ஊட்டியில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோனால் தாங்குமா என்பது இரண்டாவது.

பாலிதீன் வேண்டாம். ஊட்டிக்குத் தையில் வேண்டாம், சித்திரையில் கொண்டு போங்கள்.

அந்த வீடியோக்கள் உறைபனி விழுகிற ஊர்க்காரர்களுக்காக எடுத்தவை. அவர்களுக்கு அது சரி. நம் பக்கத்தில் மார்கழி, தையில்கூட ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நீங்கள் சொன்ன செடிகளில் ரொம்ப நாசூக்கானவை அக்லோனிமாவும் கலேதியாவும். அவையே 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் சிணுங்க ஆரம்பிக்கும், 10ஐ நெருங்கினால்தான் உண்மையில் அடிபடும். அப்படி அடிபட்ட அக்லோனிமா இலையில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி கருத்த திட்டுகள் வரும். உங்களுக்கு வந்திருப்பது அது இல்லை. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகித் தொங்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது குளிர் செய்த வேலை இல்லை, காயாத மண் செய்த வேலை.

கார்த்திகையில் நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கடலில் உருவானால் மூன்று நாள் வெயிலே இருக்காது. வாடைக்காற்று அடிக்கும். சித்திரையில் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும் தொட்டியில், இப்போது நாலு நாளானாலும் ஈரம் அப்படியே நிற்கும். நாம் கைப்பழக்கத்தில் தினமும் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டே இருப்போம். வேருக்கு மூச்சு விட இடமில்லாமல் அழுக ஆரம்பிக்கும். இதன்மேல் பாலிதீனும் போட்டால் இருக்கிற ஈரமும் வெளியே போகாது. மறுநாள் மேகம் விலகி வெயில் சுளீரென்று அடித்தால் கவருக்குள் செடி வெந்துவிடும்.

அதனால் முதலில் ஒரு தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். பயப்பட வேண்டாம், மண்ணோடு சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. வேர் வெளுப்பாக, விரலால் நசுக்கினால் கெட்டியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாக, வழவழவென்று, இழுத்தால் மேல்தோல் கையோடு உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர். அதைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, புது மண்கலவையில் வைத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் நிழலில் விடுங்கள். நம் செம்மண் தரையில் அருமையான மண், ஆனால் தொட்டியில் மழை அடித்தால் செங்கல்லாக இறுகிவிடும். செம்மண், ஆற்று மணல், நன்றாக மக்கிய சாண உரம் மூன்றும் சம பங்கு போட்டு, ஒரு கை உடைத்த செங்கல் சல்லியும் சேர்த்துக்கொண்டால் நீர் வடியும். தேங்காய் நார்த்தூளை இந்த மாதங்களில் குறைத்துக்கொள்ளுங்கள், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தொட்டியை ஆத்தங்குடிக் கல் தரையில் நேராக வைத்திருந்தால் கீழே இரண்டு செங்கல் துண்டு கொடுங்கள். வழவழப்பான தரையில் தொட்டி உட்கார்ந்தால் அடித்துளை அடைத்துக்கொள்ளும். தரையிலும் கறை ஏறும், பிறகு என்ன தேய்த்தாலும் போகாது.

தண்ணீர் காலையில், வெயில் வந்த பிறகு, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். இலையில் வேண்டாம். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். வீட்டில் கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரையே எடுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் விடியற்காலையில் சில்லிட்டுக் கிடக்கும், கிணற்றுத் தண்ணீர் அதே நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அடினியத்துக்கு மட்டும் தனிச் சட்டம்: இலையை உதிர்த்துவிட்டால் அது தூங்கப் போகிறது என்று அர்த்தம், தை முடியும் வரை தண்ணீரை அநேகமாக மறந்துவிடுங்கள், மழையும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பனிக்கு வருகிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டிய பனி இனிமேல்தான் வரப்போகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியான கணக்கு. மழைக்காலம் முடிந்து மேகம் விலகிய பிறகுதான் பனி கனக்கும். இரவு முழுவதும் தரை, கல், இலை எல்லாமே தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டிருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். தெளிந்த வானமாக, காற்றும் அசையாமல் இருந்தால் இலை சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடும். அந்த இலையில் காற்றின் ஈரம் படிவதுதான் நாம் சொல்லும் பனி. இலையின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதே ஈரம் உறைபனி.

எங்கள் கோட்டையூர் வீட்டு முற்றத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். ஒரே ரகக் குரோட்டன்ஸ் இரண்டு தொட்டி. ஒன்று முற்றத்து நடுவில், மற்றது நாலு எட்டு தள்ளித் தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில். தை மாதக் காலையில் நடுவில் இருப்பதைத் தொட்டால் கை நனையும், ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு தொங்கும். ஓட்டுக்கு அடியில் இருப்பதன் இலையில் முந்தின நாள் தூசிகூடக் கலையாமல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே குளிர். ஒன்றுக்கு மேலே வானம் தெரிகிறது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நம் ஊரில் செடியைப் போர்த்த வேண்டாம், செடிக்கு மேலே ஒரு கூரை இருந்தால் போதும். பல மணி நேரம் இலை நனைந்தே இருந்தால்தான் பூஞ்சைப் புள்ளிகள் பரவும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை. மாடியில் இருக்கும் தொட்டிகளுக்குத் தென்னங்கிடுகு நாலைந்து போட்டுப் பந்தல் கட்டினாலே போதும். பச்சை வலையும் ஓரளவு தடுக்கும். பாலிதீன் வேறு வழியே இல்லாதபோதுதான்.

செட்டிநாட்டு வீடு இருக்கிறவர்களுக்கு இன்னும் வசதி. முற்றத்தைச் சுற்றியுள்ள நாலு தாழ்வாரத்தில் வடக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெயில் அந்தப் பக்கம்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். பின்னால் இருக்கும் கனத்த சுவர் வாடையைத் தடுக்கும், பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி மெல்ல விடும். ஓட்டு நீர் விழுகிற கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள். நம் கூரைகள் மழையை முற்றத்துக்குள் இறக்குவதற்கென்றே கட்டியவை. அந்தத் தாரை தொட்டியில் விழுந்தால் மண் குழிந்து வேர் வெளியே வந்துவிடும்.

அப்புறம் ஊட்டி. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். நம் ஊரில் 20 என்றால் அங்கே ஐந்தாறு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், ஜனவரி இரவுகள் அப்படித்தான் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படங்கள் வருஷாவருஷம் பத்திரிகையில் வருகின்றன. உங்கள் மகள் வீடு சரிவிலா பள்ளத்திலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பள்ளம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தரையில் நிற்கும் செடிக்கு வேரடியில் பூமியின் சூடு இருக்கும். தொட்டிச் செடிக்கு அதுவும் இல்லை, நாலு பக்கமும் காற்று படும். மொட்டை மாடியில் விரிப்பில்லாமல் படுக்கிற மாதிரிதான் அதன் நிலைமை.

அங்கே மூடத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் இலையில் ஒட்டுகிற மாதிரி பாலிதீன் வேண்டாம், ஒட்டிய இடத்தில் இலை கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வைத்துத்தான் மறைக்கிறார்கள். உங்கள் மகள் பழைய வேட்டி, சேலை, சாக்கு எதையும் பயன்படுத்தலாம். நாலு குச்சி நட்டு, துணி தரையைத் தொடுகிற மாதிரி சுற்றிலும் இறக்க வேண்டும். மேலே மட்டும் போர்த்தி அடியில் கட்டிவிட்டால் தரையிலிருந்து வரும் சூடு உள்ளே நுழையாது. அன்று பகலிலேயே மண்ணை நனைத்து வைப்பது நல்லது, ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். தொட்டிகளை நெருக்கிச் சுவரோரம் சேர்த்து வைக்கட்டும். காலையில் வெயில் வந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். பல்பு வைப்பதானால் பழைய குண்டு பல்பு, எல்இடி வெளிச்சம்தான் தரும், சூடு பெரிதாகத் தராது.

இவ்வளவு செய்தாலும் அக்லோனிமா, கலேதியா, ஆந்தூரியம் மூன்றும் அங்கே வீட்டுக்குள்தான். ராத்திரி ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்கக் கூடாது. சித்திரையில் கொண்டுபோனால் குளிர் வருவதற்குள் ஆறு மாதம் அந்த ஊருக்குப் பழகிக்கொள்ளும். நம் வெயிலில் வளர்ந்த செடியைத் தையில் நேராக அங்கே இறக்குவது அதற்குச் செய்யும் கொடுமை. இப்போதே ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்றால் பாம்புக் கற்றாழை கொடுங்கள். வீட்டுக்குள், மண் காய்ந்திருந்தால் தாங்கிக்கொள்ளும்.

ஒருவேளை அங்கே ஏதாவது செடி உறைபனியில் கருகினால் உடனே கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். கருகிய இலை அசிங்கமாக இருந்தாலும் கீழே உள்ள மொட்டுக்கு அது ஒரு மறைப்பு. தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், தெரிந்தால் உயிர் இருக்கிறது. குளிர் முழுக்க விலகிய பிறகு வெட்டலாம். அதுவரை யூரியா போன்ற உரம் எதுவும் போடக் கூடாது, அவசரமாகத் துளிர்த்தால் அந்தத் துளிரையும் அடுத்த பனி எடுத்துக்கொள்ளும்.

உங்கள் ஆந்தூரியத்தில் மஞ்சள் வளையத்தோடு புள்ளிகள் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை அந்தத் தொட்டியை மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.