பெர்ட் பேட்டனோடின் இரண்டாவது கோல்

ஐயா,

பள்ளியில் வினாடி வினா நடத்துகிறேன். உலகக் கோப்பைக் கால்பந்தில் முதல் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தவர் அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே என்கிறது என்னிடமுள்ள பழைய பொது அறிவுப் புத்தகம். ஒரு மாணவி எழுந்து, இல்லை, அமெரிக்காவின் பெர்ட் பேட்டனோட் என்றாள். எது சரி? 1930 உலகக் கோப்பையில் ஆடிய அமெரிக்க அணியே பிரிட்டனிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆட்டக்காரர்கள்தான் என்றும் படித்திருக்கிறேன். எப்படியானாலும், ஒரு கோல் யார் கணக்கில் இருந்தால் என்ன?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மாணவிக்கு மதிப்பெண் போடுங்கள். கொஞ்ச நாளாகவே பேட்டனோட் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பிரிட்டன் கதையை விட்டுத்தள்ளுங்கள். 16 பேரில் பிரிட்டனில் பிறந்தவர்கள் ஆறே பேர். அவர்களிலும் இங்கிலாந்து லீக்கில் ஆடியிருந்தவர் மூர்ஹவுஸ் ஒருவர்தான். பேட்டனோட் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவரில் பிறந்தவர். பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர்கள், போர்ச்சுகீசியர்கள், கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று ஆலை வேலைக்கு வந்து குடியேறியவர்கள் அங்கே கால்பந்தை உயிராக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கி ஆட்டம் நடத்த மாசசூசெட்ஸ் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு வேறு எந்த நாள் ஓய்வு? ஊர் அணியான மார்க்ஸ்மென்னின் முதலாளி சாம் மார்க், எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் டிவர்ட்டனில் மைதானத்தைக் கட்டினார். ஊர் ஜனம் ஞாயிறுதோறும் மாநில எல்லையைத் தாண்டிப் போய் ஆட்டம் பார்த்தது. அந்த ஜனத்தின் முன்னால் ஆடி வளர்ந்த பையனைப் பற்றித்தான் 'அமெரிக்கர்களுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்' என்ற தொனியில் எழுதுகிறீர்கள்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. யார் கணக்கில் இருந்தால் என்னவா? ஓர் ஆசிரியர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் மாணவி எழுதிய விடைத்தாளில் வேறொருத்தி பெயரைப் போட்டு, மதிப்பெண் வகுப்புக்குத்தானே என்று சொல்வீர்களா?

1930 ஜூலை 17, உருகுவேயின் மான்டெவிடியோ. பராகுவேயை அமெரிக்கா 3-0 என்று வென்றது. பேட்டனோடுக்கு அப்போது வயது 20. முதல் கோலும் மூன்றாவது கோலும் அவருடையவை என்பதில் தகராறில்லை. 15வது நிமிடத்தில் விழுந்த இரண்டாவது கோலைச் சிலர் சக ஆட்டக்காரர் டாம் ஃப்ளோரிக்கு எழுதினார்கள், சிலர் பராகுவேயின் கோன்சாலஸ் அடித்த சேம்சைடு கோல் என்றார்கள். அன்று சட்டைகளில் எண்கள் கிடையாது. கோல் முன்னால் நாலைந்து பேர் மோதும்போது, தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காண முகமும் நடையும்தான். முன்பின் பார்த்திராத வெளிநாட்டு அணி என்றால் அதுவும் இல்லை.

நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்திருக்கிறேன். பக்கம் முடிக்கிற நேரத்தில் தொலைபேசியில் ஸ்கோர் வரும். கோல் அடித்தவர் பெயர் சரியாகக் காதில் விழாது. திரும்பக் கேட்க நேரமிருக்காது. பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்று அச்சேறிவிடும். மறுநாள் அந்த அச்சையே ஆதாரமாக வைத்து இன்னொருவர் எழுதுவார். இதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெயரை எழுதுகிறவன் திரும்பக் கேட்டே ஆக வேண்டும், பக்கம் தாமதமானாலும் சரி.

இரண்டு நாள் கழித்து மெக்சிகோவுக்கு எதிராக ஸ்டாபிலே மூன்று கோல் அடித்தார். அதில் குழப்பமே இல்லாததால் 'முதல்' என்ற பட்டம் அவரிடம் போனது. ஃபிஃபா கணக்கைத் திருத்தியது 2006 நவம்பரில், 76 ஆண்டுகள் கழித்து. பேட்டனோட் 1974இல், தன் 65வது பிறந்தநாளன்றே இறந்துவிட்டார். அமெரிக்கக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் 1971இலேயே அவருக்கு இடம் கிடைத்திருந்தது. உலகக் கோப்பையின் ஏட்டில்தான் அவர் உயிரோடிருந்தவரை அந்த இரண்டாவது கோல் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

உங்கள் மாணவியிடம் இது அவளுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டீர்களா? கேளுங்கள். புத்தகத்தில் ஸ்டாபிலேயின் பெயரை அடித்துவிட்டு மேலே சரியான பெயரை மையில் எழுதுங்கள், அடுத்து எடுத்துப் படிக்கிற பிள்ளைக்காக. ஸ்டாபிலேக்கு ஒரு குறையும் வராது. அந்தத் தொடரில் 8 கோல்களுடன் முதலிடம் அவருக்குத்தான். அடுத்த வினாடி வினாவில் அதைக் கேளுங்கள்.

அன்புடன்