நீலக்கால், ஆரஞ்சுக்கால்: ஆற்று இறால் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் குளத்து ஆற்று இறாலில் சிலதுக்குக் கருநீலக் கொடுக்கு, சிலதுக்கு ஆரஞ்சு. குஞ்சு கொடுத்தவர் வேறு இனத்தைக் கலந்துவிட்டாரா?

பதில்: அவரைத் திட்டாதீர்கள். இரண்டும் மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கிதான் (ஆற்று இறாலின் அறிவியல் பெயர்), இரண்டும் ஆண்தான். இந்த இனத்து ஆண்களில் பொடி ஆண், ஆரஞ்சுக்கால், நீலக்கால் என்று மூன்று படிகள் உண்டு. நீலக்கால்தான் குளத்து நாட்டாமை. கொடுக்கு நீண்டு, முள்ளடர்ந்து இருக்கும்; பக்கத்துப் பொடி ஆண்களை வளரவிடாது. ஆரஞ்சுக்கால் மளமளவென்று வளரும். சுற்றியிருக்கும் நீலக்காலைவிடப் பெரிதானதும் சட்டை உரித்து அதுவும் நீலக்காலாகிவிடும். பெரிய நீலக்கால்களை அவ்வப்போது வலைபோட்டு எடுத்தால் மற்றவை மேலேறும். மாணவனாக இருந்தபோது நானும் இரண்டையும் தனித்தனி பாட்டிலில் போட்டு இரண்டு பெயர் எழுதியவன்தான்.

கேள்வி: அப்படியானால் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒரே இனமா?

பதில்: அதுவும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து இறாலையும் நம் பக்கத்து இறாலையும் நெடுங்காலம் ஒரே ரோசன்பெர்கி என்றே எண்ணியிருந்தார்கள். டிஎன்ஏ வேறு கதை சொன்னது. கிழக்கத்தியதற்கு இப்போது ஸ்பினிபஸ் என்று பெயர். பண்ணைகளில் வளர்வது மேற்கத்தியது, அதாவது நம் பக்கத்தது.

கேள்வி: டிஎன்ஏ சோதனைக்கு முழு இறாலையும் அனுப்ப வேண்டுமா?

பதில்: ஒரு கால் துண்டு போதும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும். வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) உள்ள சிஓஐ மரபணுவின் சுமார் 650 எழுத்துகள். ஒரு சிக்கல்: அந்த மரபணுவின் செயலற்ற போலி நகல் செல்லின் உட்கருவிலும் ஒட்டிக்கிடக்கும். அதைப் படித்துவிட்டு 'புது இனம்' என்று குதித்தவர்கள் உண்டு.

கேள்வி: ஒரு தாய் இறாலே லட்சம் முட்டை வரை இடுகிறது. குஞ்சுப் பொரிப்பகத்துக்கு நாலு தாய் போதாதா?

பதில்: குஞ்சுக்குப் போதும், வம்சத்துக்குப் போதாது. லட்சம் குஞ்சும் அக்கா தங்கை, அண்ணன் தம்பிதான். அதிலிருந்தே அடுத்த தாயை எடுத்தால் சில தலைமுறையில் வளர்ச்சி குன்றும், பிழைத்திருக்கும் எண்ணிக்கையும் குறையும். அதனால்தான் புவனேசுவரத்து நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 2007இல் தேர்வு இனப்பெருக்கத்தை (நல்லதைப் பொறுக்கி இனம் பெருக்குவதை) தொடங்கியபோது கேரளா, குஜராத், ஒடிசா என்று மூன்று இடத்து இறாலைச் சேர்த்தது. நீங்களும் வெவ்வேறு ஆற்றுச் சினை இறாலைச் சேர்த்து, எது எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

கேள்வி: மீன்தொட்டியில் ஒரே ஒரு நண்டிறால் (கிரேஃபிஷ்) வைத்திருந்தேன். துணையே இல்லாமல் குட்டிகள்!

பதில்: பளிங்கு நண்டிறாலாக இருக்கலாம். 1990களில் ஜெர்மனி மீன்தொட்டி வியாபாரத்தில் தலைகாட்டியது. எல்லாம் பெண், ஆண் தேவையில்லை, குட்டிகள் தாயின் நகல்கள். மரபணு வேற்றுமை இல்லாதது நோஞ்சானாக இருக்கும் என்பார்கள். இதுவோ மடகாஸ்கர் ஆறுகளையும் வயல்களையும் நிறைத்துவிட்டது. தொட்டியை இறுக மூடுங்கள். உபரியை வாய்க்காலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.