மனைவிக்கு முடக்கு வாதம் என்று இப்போதுதான் தெரிந்தது. கணவனாக நான் என்ன செய்யலாம்?

என் மனைவிக்கும் இதே நோய்தான், சில வருடங்களாக. நான் முதலில் சொல்வது இதைத்தான்: காலை வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயில் வலியும் பிடிப்பும் தூங்கி எழுந்ததும்தான் உச்சத்தில் இருக்கும். விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். நம் வீடுகளில் பால் காய்ச்சுவது, குக்கர் வைப்பது, பிள்ளைக்குத் தலை பின்னுவது எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். என் மனைவி பால் பாக்கெட்டை விரலால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவார். ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது. இதற்கெல்லாம் உதவி கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெந்நீர் போட்டுக் கொடுங்கள், கையை அதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பிடிப்பு தளரும்.

மத்தியானம் அவரே நன்றாக நடமாடுவார். "காலையில முடியலன்னு படுத்திருந்தா, இப்ப நல்லாத்தானே இருக்கா" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இது வயதாகி மூட்டு தேய்வதால் வருவதில்லை, உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவது, சின்ன வயதிலும் வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது மருந்து. பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் எழுதுவார்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தெரியாமல் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எங்களுக்குக் கிடைத்தவரை அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான். அதனால் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்து, எந்தக் கிழமை எது என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்சேட். மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும், அன்றைக்குச் சமையல் முழுக்க என்னுடையது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருவுக்கு ஆகாது.

இது வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் சொந்தக்காரர்கள் ஊர் பெயர் தெரியாத சூரணமும் பொடியும் கொண்டு வருவார்கள். சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள், இப்படி விற்கும் பொடிகளில் வலியைச் சட்டென்று அமுக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எலும்பு டாக்டரோடு நிற்காமல் ருமட்டாலஜி டாக்டரையும், அதாவது இந்த மாதிரி வாத நோய்களுக்கான நிபுணரையும், பாருங்கள். செலவுக்கு யோசிப்பவர்களுக்கு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

அப்புறம், டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள். காலையில் எவ்வளவு நேரம் பிடிப்பு இருக்கிறது என்று கண்டிப்பாகக் கேட்பார். நம் வீட்டுப் பெண்கள் "பரவாயில்லை டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். தினமும் பக்கத்தில் இருந்து பார்த்த நீங்கள் சரியான நேரத்தைச் சொன்னால்தான் மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவரால் முடிவெடுக்க முடியும்.