கிரிமினாலஜி எம்ஏ பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் கிரிமினாலஜில எம்ஏ, பிஎச்டி முடிச்சுட்டு 11 வருஷமா காலேஜ்ல இதே பாடம்தான் எடுக்கறேன், இப்ப கைல இருக்கற பேப்பர் 'சமகால குற்றவியல் பிரச்சினைகள்'. அட்மிஷன் சமயம்ங்கறதால இன்பாக்ஸ்ல ஒரே கேள்வியா வருது, அதான் பொதுவா இங்கயே சொல்லிடலாம்னு.

மொதல்லயே ஒண்ணு. கிரிமினாலஜி வேற, ஃபாரன்சிக் சயின்ஸ் வேற. கைரேகை, ரத்தம், டிஎன்ஏ எல்லாம் ஃபாரன்சிக். ஏன் குத்தம் நடக்குது, எதை குத்தம்னு சட்டம் சொல்லுது, போலீஸ், கோர்ட், ஜெயில் எப்படி நடக்குது, பாதிக்கப்பட்டவங்க கதி என்ன, இதான் நம்ம பாடம்.

தென்காசி கார்த்தி: அக்கா, பிஏ தமிழ் முடிச்சிருக்கேன், சேர முடியுமா? எங்க இருக்கு?

சென்னைப் பல்கலைக்கழகத்துல இருக்கு, உனக்குப் பக்கத்துல திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார்லயும் இருக்கு தம்பி. தகுதி என்னன்னு அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பாத்துக்கோ. புக்கெல்லாம் இங்கிலீஷ்தான், மொத செமஸ்டர் கஷ்டமா இருக்கும், அதுக்காக விட்றாத. தமிழ் படிச்சுட்டு வந்த பிள்ளைங்க ஃபீல்டு ஒர்க்ல சனங்ககிட்ட பேசி எழுதிட்டு வர்றது அவ்ளோ நல்லா இருக்கும்.

சேலம் ப்ரியா: மேம், அந்த பேப்பர்ல அப்படி என்ன நடத்துவீங்க?

இந்தக் கேள்விக்குதான் காத்திருந்தேன். சைபர் குற்றம், அதாவது இன்டர்நெட்ல நடக்கற குத்தத்துலேந்து ஆரம்பிப்பேன், ஏன்னா சைபர் கிரிமினாலஜின்னு தனியா ஒரு துறைக்குப் பேர் வச்சு 2007ல ஜர்னல் ஆரம்பிச்ச ஜெய்சங்கர் அப்ப திருநெல்வேலி வாத்தியார், நம்ம பிள்ளைங்களுக்கே இது தெரியாது. நேர்ல ஒரு வார்த்தை தப்பா பேச பயப்படற ஆளு, முகம் தெரியாத இடத்துக்குப் போனா எப்படி மாறிடறான்ங்கறதுதான் அவர் தியரியோட கரு. அதுக்கப்புறம் கம்போடியா, மியான்மர் விஷயத்துக்கு வருவேன். டேட்டா என்ட்ரி வேலைன்னு ஏஜென்ட் சொன்னத நம்பி நம்ம ஊர் பசங்க போறாங்க, அங்க பாஸ்போர்ட்ட பிடுங்கி வச்சுட்டு, அடிச்சு, ஆன்லைன் மோசடி பண்ண வைக்கறாங்க. இப்ப அந்தப் பையன் குத்தவாளியா, பாதிக்கப்பட்டவனா? அவன்கிட்ட பணத்த இழந்த ரிட்டயர்டு வாத்தியாருக்கு நீ என்ன பதில் சொல்லுவ? இத போர்டுல எழுதிட்டு உக்காந்துருவேன், ஒரு மணி நேரம் கிளாஸ் தானா ஓடும்.

அப்புறம் ரேகைச் சட்டம். 1871ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் விரிச்சான், குறிப்பிட்ட சில சாதிகள்ல பொறந்ததுக்காகவே கைரேகை வைக்கணும், ராத்திரி ஊர விட்டு நகரக் கூடாது. இத எதிர்த்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ம் தேதி துப்பாக்கிச் சூடு. 1952ல நாடு முழுக்க ஒழிச்சாச்சு, ஆனா வழக்கமான குற்றவாளிங்கற பேர்ல சட்டங்க நின்னுச்சு. 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஜெயில்ல சாதி பாத்து வேலை பிரிக்கறது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லும்போது இந்த விஷயத்தையும் பேசுச்சு. பழைய கதையாச்சே, சமகாலப் பேப்பர்ல எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு அந்தத் தீர்ப்பத்தான் படிக்கக் குடுப்பேன்.

விக்கி 98: ஃபாரன்சிக் லேப் வேலை கிடைக்குமா?

மேல சொல்லிட்டேன். லேப் வேலைக்கு கெமிஸ்ட்ரி, பயாலஜி மாதிரி சயின்ஸ் டிகிரி வேணும்.

ஐபிஎஸ் கனவு: இத படிச்சா எஸ்ஐ ஆகலாமா? யுபிஎஸ்சில ஆப்ஷனலா எடுக்கலாமா?

எஸ்ஐக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், இதுதான்னு இல்ல. யுபிஎஸ்சி ஆப்ஷனல் லிஸ்ட்ல கிரிமினாலஜி கிடையாது. டீச்சிங் வரணும்னா யுஜிசி நெட்ல இந்த சப்ஜெக்ட் இருக்கு.

கோவை ராஜா: நீங்க என்ன பாடம் எடுத்து என்ன? 2020ல இந்தியாவுலயே அதிக கேஸ் தமிழ்நாடுதான், என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) ரிப்போர்ட்டே சொல்லுது.

ராஜா, அதே ரிப்போர்ட்ல அடுத்த பக்கத்தையும் பாருங்க. அந்த வருஷம் லாக்டவுன். அரசு உத்தரவ மீறினதா அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 188 பிரிவுல 2019ல நாடு முழுக்க 29,469 கேஸ், 2020ல 6,12,179. மாஸ்க் போடாதவர், கடைய திறந்தவர், பைக்ல சுத்தினவர் எல்லாம் அதுக்குள்ள இருக்காங்க, நம்ம போலீஸ் அதுல நிறைய போட்டாங்க. அதே வருஷம் திருட்டு குறைஞ்சிருக்கு.

கோவை ராஜா: அப்ப கவர்ன்மென்ட் நம்பர் பொய்னு சொல்றீங்களா?

நெல்லை செல்வி: அவங்க எங்க பொய்னாங்க? கேஸ் எழுதற ஊர்லதான் நம்பர் கூடும். எங்க ஊர்ல ஸ்டேஷன் வாசல் மிதிக்கவே பயப்படுவாங்க, அங்க எல்லாம் சுத்தமா இருக்குன்னா அர்த்தம்?

கோவை ராஜா: திருட்ட மறைக்கலாம், கொலைய மறைக்க முடியுமா?

நல்ல கேள்வி, நாங்களும் அதனாலதான் மாநிலங்கள ஒப்பிட கொலைக் கணக்க மொதல்ல எடுப்போம். 2020ல நாடு முழுக்க 29,193, 2019ல 28,915, பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அதுலயும் ஒரு பொண்ணு கிணத்துல பொணமா கிடந்தா மொதல்ல சந்தேக மரணம்னு போடுவாங்க, அது கொலைக் கேஸா மாறுதா இல்ல அப்படியே முடியுதான்னு யாராவது விடாம பின்னால நடந்தாத்தான் தெரியும். இன்னொண்ணு, ஒரே எஃப்ஐஆர்ல பாலியல் வன்கொடுமையும் கொலையும் இருந்தா கொலைன்னு ஒரு தடவதான் எண்ணுவாங்க, பெரிய குத்தம் மட்டும் கணக்குல ஏறும்ங்கறது என்சிஆர்பி விதி. நம்பர் பொய் இல்ல ராஜா, அது பதிவான கேஸோட கணக்கு, நடந்த குத்தத்தோட கணக்கு இல்ல. வருஷா வருஷம் மொத மாசம் இத மட்டுமே எடுக்கறேன், ஏன்னா இது புரியாம எழுதற ஆய்வு எல்லாம் தப்பாத்தான் முடியும்.

விக்கி 98: அப்ப ஆன்லைன் டிடெக்டிவ் சர்டிபிகேட்? 15 நாள்தான், லேப்ல எடுப்பாங்களாம்.

எடுக்க மாட்டாங்க. பணம் கட்டாதீங்க. எந்த கோர்ஸா இருந்தாலும் யுஜிசி அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டுதான் காச எடுக்கணும், எங்கிட்ட அழுதுட்டு வந்த பிள்ளைங்க இருக்காங்க, அதான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

அருண் டிஎன்: ஃபாரன்சிக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தம்பி, மேல படி.

மதுரை ஜெனிபர்: மேம், டெசர்டேஷனுக்கு ஜெயில் கைதிங்கள பேட்டி எடுக்கணும்னு ஆசை. முடியுமா?

முடியும்மா, ஆனா சிறைத்துறை அனுமதி இல்லாம ஒரு அடி வைக்காத, லெட்டர் டிபார்ட்மென்ட் வழியாத்தான் போகணும், பதில் வர மாசக்கணக்கா ஆகலாம். உள்ள இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதி, தீர்ப்பே வராதவங்க, நீ எழுதற ஒரு வரி அவங்க கேஸ பாதிக்கக் கூடாது. பேரோ ஊரோ எங்கயும் வரக் கூடாது, பேச மாட்டேன்னா விட்டுரணும். அனுமதி லேட்டானா இன்னொரு தலைப்பு சொல்றேன்: பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு இழப்பீடு குடுக்கணும்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 357ஏ பிரிவு இருந்துச்சு, 2024 ஜூலை 1லேந்து நடப்புல இருக்கற புதுச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) அது 396வது பிரிவு. உங்க ஊர்ல அடிபட்ட குடும்பங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியுமா, கேட்டவங்களுக்கு கைக்கு வந்துச்சா, எவ்ளோ நாளாச்சு? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல போய் உக்காந்து ஆரம்பி. கேள்வித்தாள் ரெடி பண்ணினதும் எனக்கு அனுப்பு, பாத்துத் தர்றேன்.